ஒரே இனம், ஒவ்வொன்றும் ஒரு நிறம்



உங்கள் வளவில் நிற்கும் பழைய பலாமரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கவட்டிலோ பாசி படர்ந்த பெரிய கொப்பிலோ, தடித்த இலைகளும் வெள்ளை வேர்களுமாக ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். அதற்கு மண் இல்லை. உரம் போடுவார் இல்லை. தண்ணீர் ஊற்றுவாரும் இல்லை. ஆனாலும் பருவம் வந்ததும் பூத்துவிடுகிறது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. நின்று பார்த்தவர் அதைவிடக் குறைவு.

நின்று பார்ப்பவருக்கு ஒரு விடயம் புலப்படும். ஒரே வகைச் செடி இரண்டு மரங்களில் பூத்திருக்கும். ஒன்றின் பூ வெளிறிய நிறம்; மற்றதன் பூ அடர்ந்த நிறம். ஒன்றின் இதழில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இவை இரண்டு இனங்களா? இல்லை. ஒரு தாய் பெற்ற பிள்ளைகளில் ஒன்று வெள்ளையாகவும் ஒன்று மாநிறமாகவும் இருப்பதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

இந்தச் சிறு வேறுபாட்டிலேதான் அந்த இனத்தின் ஆயுள் தங்கியிருக்கிறது. அதை நாமே நம் கைகளால் குறைத்துக்கொண்டிருக்கிறோம். இதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

குருவிச்சை அல்ல

என்னிடம் ஓதும் பிள்ளைகளிடம் இச்செடியைக் காட்டிக் கேட்டால், "குருவிச்சை, மௌலவி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பெரியவர்களிலும் பலர் அப்படியே நினைக்கிறார்கள். மரத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கத்தியால் சுரண்டி எறிந்தும் விடுகிறார்கள். ஆகவே முதலில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வோம்.

குருவிச்சை மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கி, மரம் எடுக்கும் நீரைத் தானும் உறிஞ்சிக் குடிக்கும். ஓர்கிட் செடி அவ்வாறு செய்வதில்லை. அது மரத்தில் குடியிருக்கிறது, மரத்தைத் தின்பதில்லை. அதன் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெண்ணிற உறை ஒன்று உண்டு. மழைநீரையும் பனியையும் அந்த உறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பட்டையின் வெடிப்பில் சேரும் தூசியும் உக்கிய இலையும் அதற்கு உணவாகின்றன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இத்தகைய செடிகளை மேலொட்டிகள் என்று எழுதியிருப்பார்கள். காற்றில் வேரை விட்டு வாழ்வதால் காற்றுச் செடி என்று சொன்னாலும் பொருந்தும்.

எமது நாட்டில் சுமார் 190 வகை ஓர்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரிப் பிரதேசம் இச்செடிகளுக்கு ஏற்ற இடங்களில் ஒன்று. அதில் வியப்பில்லை.

சப்ரகமுவைக் காட்டின் சொத்து

இங்குள்ள காற்றுச் செடிகளில் பேர்பெற்றது வெசாக் ஓர்கிட். சிங்களச் சகோதரர்கள் வெசாக் மல் என்பார்கள். மே மாதத்தை ஒட்டிப் பூப்பதால் அப்பெயர் வந்தது. மெலிந்து நீண்ட தண்டுகள் மரத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். அவற்றின் நுனியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பெரிய பூக்கள் மலரும். நடு இதழின் அடியில் கருஞ்சிவப்புத் திட்டு ஒன்று இருக்கும். இலங்கையின் ஈரவலயத் தாழ்நில மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறு எந்த நாட்டிலும் இது இயற்கையாக வளர்வதில்லை. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, காலி மாவட்டங்களின் காடுகளே இதன் வீடு.

பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவைற்ஸ் என்பவரே இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தாவரவியல் சஞ்சிகை ஒன்றில் இதன் வர்ணப்படமும் விவரணமும் வெளிவந்தன. டெண்ட்ரோபியம் மெக்கார்த்தியே என்று பெயரிட்டார்கள். அக்காலத்தில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த மெக்கார்த்தியின் மனைவியைக் கௌரவிக்கும் பெயர் அது. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய நம் காட்டுப் பூ!

இப்பூவை வர்ணித்தவர்களின் எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் ரோஜா நிறம் என்கிறார். ஒருவர் வெளிறிய ஊதா என்கிறார். அவரவர் கண்ட செடிக்கு அவரவர் சொன்னது சரியே. செடிக்குச் செடி சாயல் மாறுகிறது.

நரிவால் ஓர்கிட்டில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவு. வெண்ணிற இதழில் ஊதாப் புள்ளிகளுடன் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரே சரமாகத் தொங்கும். இலங்கை, இந்தியா தொடங்கிப் பிலிப்பைன்ஸ் வரை இது பரவியிருக்கிறது. அஸ்ஸாம் மாநிலத்தின் மாநில மலரும் இதுவே. சில செடிகளில் புள்ளி அடர்த்தி, சிலவற்றில் ஐதாக இருக்கும். மிக அரிதாகப் புள்ளியே இல்லாத தூய வெள்ளைப் பூவும் உண்டு. எமது நாட்டின் உலர்ந்த பகுதிகளிலும் தமிழ்நாட்டிலும் வளரும் வந்தா ஓர்கிட்டை எடுத்துக்கொண்டால், மஞ்சள் கலந்த பச்சை, பழுப்பு, சாம்பல் கலந்த நீலம் என்று ஒரே இனத்துக்குள் பல நிறங்கள் இருக்கின்றன.

இது ஓர்கிட்டுக்கு மட்டும் உரிய குணமல்ல. எமது பூந்தோட்டங்களில் நரைத்த தாடிபோல் தொங்கும் ஒரு செடியைக் கண்டிருப்பீர்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தில்லாண்சியா. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே தில்லாண்சியா வகையில் ஐயோனந்தா என்று ஒன்று மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்க நாடுகளிலும் மரக்கொப்புகளில் வளர்கிறது. வெசாக் ஓர்கிட் பெயர் பெற்ற அதே 1855இல்தான் இதற்கும் பெயர் சூட்டப்பட்டது. பூக்கும் காலத்தில் அதன் இலைகள் சிவந்து, ஊதாப் பூ வெளிவரும். ஆனால் அதிலும் ஓரிடத்தில் குட்டையாகவும் இன்னோரிடத்தில் பெரிதாகவும் வளர்பவை உண்டு. இலை சிவக்காமல் மஞ்சளாகி, வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு. அதை விரும்பி வளர்ப்பவர்கள் ஒரே இனத்தின் இந்த வடிவங்களை எல்லாம் தனித்தனியாகச் சேர்த்து வைக்கிறார்கள்.

வேறுபாடு இரண்டு வகை

இங்கே ஒரு கேள்வி எழும். நிறம் மாறியிருப்பது பிறவியிலா, இடத்தினாலா?

இரண்டும் உண்டு. கடும் வெயிலில் இருக்கும் செடியின் இலை மஞ்சள் பாய்ந்தோ சிவந்தோ இருக்கும். நிழலில் இருப்பதன் இலை கரும்பச்சையாக இருக்கும், பூ குறையும். இது இடம் தந்த வேறுபாடு. இடத்தை மாற்றினால் இதுவும் மாறிவிடும்.

இடத்தின் வலிமையைக் காட்ட இன்னொரு உதாரணம் சொல்கிறேன். பறக்கும் வெண்புறாவைப் போல் பூக்கும் ஓர்கிட் ஒன்று எமது தாழ்நிலத்தில் உண்டு. திடீரென மழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால், அதிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள் அப்பிரதேசத்து மரங்களிலுள்ள இச்செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூத்துவிடும். பூ ஒரு நாளில் வாடிவிடும். தோட்டம் முழுவதும் ஒரே நாளில் பூப்பதைப் பார்த்து வியப்பவர்கள், ஒன்பது நாளைக்கு முன் பெய்த மழையை நினைவில் வைத்திருப்பதில்லை.

மற்றது பரம்பரையால் வரும் வேறுபாடு. இதை வீட்டிலேயே சோதித்து அறியலாம். நிறம் வேறான இரண்டு நாற்றுப்பண்ணைச் செடிகளை ஒரே மரத்தில், ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் கட்டி வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருங்கள். அதன் பின்னும் ஒன்று வெளிறியும் ஒன்று அடர்ந்தும் பூத்தால், அது பிறவி வேறுபாடு என்பது உறுதி. விஞ்ஞானிகளும் இந்த முறையையே கையாளுகிறார்கள். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை; பொறுமை போதும்.

தூசி போன்ற விதை

பிறவி வேறுபாடு எங்கிருந்து வருகிறது? விதையிலிருந்து வருகிறது.

ஓர்கிட்டின் காயைப் பிளந்தால் மாப்போன்ற தூசி பறக்கும். அவ்வளவும் விதை. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில் இருக்கும். ஒரு செடியின் மகரந்தத்தைப் பூச்சி இன்னொரு செடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால், இரண்டின் குணங்களும் கலந்து ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதமாக அமைகிறது. ஒரே காயில் பிறந்தாலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஆனால் அந்தத் தூசி விதைக்குள் சேமித்து வைத்த உணவு கிடையாது. காற்றில் பறந்து தகுந்த கொப்பில் விழ வேண்டும். அங்கே ஒருவகைப் பூஞ்சணம் இருந்து அதற்கு உணவூட்ட வேண்டும். அப்போதுதான் முளைக்கும். 1899இல் பிரான்ஸ் நாட்டு நோயல் பேர்னார் என்பவர் இந்த இரகசியத்தைக் கண்டறிந்தார். பூஞ்சணமின்றிச் சீனி கலந்த ஊடகத்தில், கண்ணாடிக் குப்பிக்குள் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் காட்டினார்.

காட்டில் முளைக்கும் ஒரு விதை பூக்கும் செடியாகப் பல ஆண்டுகள் செல்லும். இலட்சத்தில் ஒன்றிரண்டு தப்பிப் பிழைப்பதே பெரிது. ஆகவே மரத்தில் நீங்கள் காணும் ஒவ்வொரு செடியும், அதைப்போன்ற இன்னொன்று இல்லாத தனிச் செடி.

இறப்பர் மலை சொல்லும் பாடம்

"வேறுபாடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பூத்தால் போதாதா?" என்று யாரும் கேட்கலாம். அதற்குப் பதில் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது.

பழைய விதைத் தேயிலை மலையில் செடிக்குச் செடி இலையின் அளவும் நிறமும் கொழுந்து விடும் காலமும் வேறுபடும். வீ.பீ. மலையில் அப்படியல்ல. ஒரு நல்ல தாய்ச் செடியின் துண்டுகளை நட்டு உண்டாக்கியவை அவை. எல்லாம் ஒரே செடியின் நகல்கள் என்பதால் மலை முழுவதும் ஒரே அச்சு. விளைச்சலுக்கு அது நல்லது. ஆனால் அதற்கொரு விலையும் உண்டு.

அந்த விலையை இறப்பர் கொடுத்தது. ஒட்டுக் கன்றுகளாக ஏராளமாக நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற வகை, பால் நன்றாகத் தரும் என்று பேர் வாங்கியிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா என்னும் இலை உதிர்வு நோய் வந்தது. ஒரு மரத்தைத் தாக்கக் கூடிய நோய், அதே வகை மரங்கள் அனைத்தையும் தாக்கக் கூடியதாயிற்று. ஏனெனில் அவை அனைத்தும் ஒரே மரத்தின் நகல்கள்! பல ஆயிரம் ஏக்கரில் அந்நோய் பரவியது. அவ்வகை மரங்களை வெட்டி அகற்ற வேண்டிய நிலை வந்தது. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து மூத்தவர்களுக்கு அக்காலம் நினைவிருக்கும்.

இறப்பருக்கு ஆராய்ச்சி நிலையம் உண்டு. வேறு வகைகளை உருவாக்கிக் கொடுத்தார்கள். காட்டுப் பூவுக்கு யார் இருக்கிறார்கள்? அதற்குள்ள பாதுகாப்பு அதன் வேறுபாடே. மழை பொய்க்கும் ஆண்டில் ஒன்று வாடினாலும் இன்னொன்று தாங்கும். ஒரு நோய்க்கு ஒன்று பலியானாலும் இன்னொன்று தப்பும். கஷ்ட காலத்துக்கென்று நீங்கள் அஞ்சறைப் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் காசுபோல, படைத்தவன் அந்த இனத்துக்குள் வைத்த சேமிப்பு அது.

அழகே ஆபத்தாகும்போது

அந்தச் சேமிப்பு இன்று கரைகிறது. காடு குறைவது ஒரு காரணம். நிழல் தந்த பெருமரங்கள் விழுவது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் ஆசை.

பூத்திருக்கும் காலத்தில் காட்டிலிருந்து பிடுங்கி வந்து வீதியோரத்தில் விற்பதை நாம் காண்கிறோம். பிடுங்குபவர் எதைப் பிடுங்குவார்? கண்ணைக் கவர்வதையே பிடுங்குவார். நிறம் அடர்ந்தது, சரம் நீண்டது, அரிதான வெள்ளை. இவையே முதலில் போகும். ஆக, நூறு செடியில் பத்தை எடுத்தால் பத்து மட்டும் குறைவதில்லை. அந்தப் பத்தில் மட்டும் இருந்த குணமும் சேர்ந்தே போய்விடுகிறது. மீதித் தொண்ணூறும் அதைத் திருப்பித் தராது.

வாங்கிய வீட்டிலாவது அது வாழுமா? மழைக்காட்டின் ஈரமும் நிழலும் பழகிய செடி, சிமெந்து முற்றத்தில் நெடுநாள் தாக்குப்பிடிப்பது அரிது. வாங்கியவர் வாடியதை எறிந்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் வாங்குகிறார்.

வெசாக் ஓர்கிட் இன்று அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களின் வரிசையில் இருக்கிறது. 1937ஆம் ஆண்டில் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட செடி அது. அதைக் காட்டிலிருந்து எடுப்பது குற்றம். ஓர்கிட் இனங்கள் யாவும் நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையிலும் அடங்கியுள்ளன.

இந்த நிலை எமது நாட்டில் மட்டுமல்ல. அரபு நாடுகளிலும் துருக்கியிலும் குளிர்காலத்தில் விரும்பிக் குடிக்கும் சஹ்லப் பானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நிலத்தில் வளரும் காட்டு ஓர்கிட்டுகளின் கிழங்கை உலர்த்தி இடித்த மாவினால் ஆனது. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். கிழங்கைத் தோண்டினால் செடி இல்லை. அங்கும் செடி அருகிப் போகவே, துருக்கி அந்த மாவின் ஏற்றுமதியைத் தடை செய்தது.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை

சகோதரிகளே! பூச்செடி வாங்கும் தீர்மானம் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே சில ஆலோசனைகள்:

வளவு மரத்தில் காற்றுச் செடி இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். அது குருவிச்சையா ஓர்கிட்டா என்று முதலில் பாருங்கள். வேர் பட்டைக்குள் இறங்கியிருந்தால் குருவிச்சை. வெண்ணிற வேர் பட்டையின் மேலே படர்ந்திருந்தால் அது விருந்தாளி.

வாங்குவதானால் நாற்றுப்பண்ணையில் வளர்த்ததை வாங்குங்கள். "இது எங்கே வளர்ந்தது?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வேரில் காட்டுப் பாசியும் பட்டைத் துண்டும் ஒட்டியிருந்தால் அது காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். வாங்குவார் இல்லாவிட்டால் பிடுங்குவாரும் இல்லை.

நாற்றுப்பண்ணைச் செடியிலும் இரு விதம் உண்டு. இழைய வளர்ப்பில் உண்டாக்கியவை ஒரே செடியின் நகல்கள். விதையிலிருந்து வளர்த்தவை ஒவ்வொன்றும் தனிக்குணம் உடையவை. வீட்டு அழகுக்கு இரண்டும் நல்லதே. ஆனால் வேறுபாட்டைக் காண விரும்பினால் விதைச் செடியைத் தேடுங்கள். ஓட்டுத் துண்டும் கரியும் தென்னந்தும்பும் போதும், மண் வேண்டாம். மழைநீர் கிடைத்தால் மிகவும் நல்லது. வேர் காய்ந்து வெளுத்த பின்பே மீண்டும் தண்ணீர் தெளியுங்கள். எந்நேரமும் நனைந்திருந்தால் வேர் அழுகிவிடும்.

காற்றில் முறிந்து விழுந்த கொப்பில் செடி இருந்தால், அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் பக்கத்திலுள்ள உயிர்மரத்திலேயே தும்புக் கயிற்றால் கட்டிவிடுங்கள். நைலோன் நூல் வேண்டாம். மரம் பெருக்கும்போது வெட்டும்.

பல வகை ஓர்கிட்டுகளைப் பார்க்க விரும்பினால் பிள்ளைகளைப் பேராதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே ஓர்கிட்டுகளுக்கென்றே ஒரு மாளிகை இருக்கிறது. அவிசாவளைக்கு அருகே இலுக்கோவிட்டவில் 2014இல் திறக்கப்பட்ட சீதாவக்கை ஈரவலயத் தாவரவியல் பூங்கா, கேகாலை, இரத்தினபுரி மக்களுக்கு இன்னும் கிட்டிய இடம்.

இறுதியாக ஒன்று. பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். எந்த மரத்தில், எந்தத் திகதியில், என்ன நிறத்தில், எத்தனை பூ என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே மரத்தை மீண்டும் பார்த்து எழுதட்டும். இரண்டு ஆண்டு எழுதிய பிள்ளை, "எல்லாம் ஒரே செடிதானே" என்று இனிச் சொல்லாது. "நம்மட மரத்துச் செடியில் புள்ளி கூட, உம்மா, அந்தப் பக்கத்தில் இருக்கிறதில் குறைவு" என்று சொல்லும். வேறுபாட்டைக் கண்ணால் கண்டு பழகிய பிள்ளையின் கை, அந்தச் செடியைப் பிடுங்கப் போகாது.